யாருடைய பேச்சு எடுபடுகிறது?

அன்புள்ள ஐயா,

உலகமயமாக்கல் ஏற்றத்தாழ்வை வளர்த்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஏழு நாட்டுக்காரர்கள் வேலை செய்கிறோம், அதில் பாதிப் பேர் பெண்கள். என் அம்மா காலத்தில் இதை நினைத்தாவது பார்த்திருக்க முடியுமா? எல்லோருக்கும் கதவு திறந்துதானே இருக்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அலுவலகத்தைப் பற்றிப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நான் ஒட்டுமொத்தமாக அப்படி எழுதியதும் சரியில்லைதான். கிறிஸ்டோஃப் லாக்னர், பிராங்கோ மிலானோவிச் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1988 முதல் 2008 வரையிலான உலக வருமானக் கணக்கை ஆராய்ந்தார்கள். சீனா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் நடுத்தட்டு மக்கள் நன்றாகவே மேலே வந்திருந்தார்கள். உச்சியில் இருந்த ஒரு சதவீதத்தினரும் கொழித்தார்கள். பணக்கார நாடுகளின் தொழிலாளர்களுக்குத்தான் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால், கதவு திறந்திருக்கிறது என்கிறீர்களே, அந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது.

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் பெரிய விரிசல்கள் விழுந்தன. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கடைகளையும் மூடினார்கள். மேலே ஐந்து ஆயத்த ஆடை ஆலைகள். அந்தத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில் படியேறினார்கள். ஒன்பது மணிக்குள் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்.

அவர்களும் உங்களைப் போலத் திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்கள்தான். பல நாட்டுக் கடைகளுக்குத் துணி தைத்தார்கள், சொந்தமாகச் சம்பாதித்தார்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியரின் உயிருக்கு இருந்த மதிப்பு அவர்கள் உயிருக்கு இல்லை. ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் கிடையாது. 'நாங்கள் ஏற மாட்டோம்' என்று சேர்ந்து சொல்ல வழியே இல்லை.

அடுத்த மாதமே ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை அதில் இருந்தது. அத்தனை பேர் செத்த அப்புறம்தான் அது எழுத்தில் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவர்கள் யார்? நீங்கள் சொன்ன கணக்கில் அவர்கள் உண்டா? விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்