திருகோணமலையில் புதிதாக நட்ட ஸ்ட்ரோபெரிக் கன்றுகளை மாரிக்கு முன் எப்படிப் பராமரிப்பது?

நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கன்றுகளை உப்புவெளி வீட்டு வளவில் நட்டு, குளிர்காலத்துக்கு முன் செடியை வைக்கோலால் மூட வேண்டும் என்று படித்து அப்படியே மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் போய் அந்த வைக்கோலை எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு வாசிக்கலாம்.

இதே வேலையை நானும் 2018 இல் செய்தேன். தம்பலகாமத்தில் சிறுபோகம் அறுத்தபின் கிடைத்த நல்ல வைக்கோல். ஆறு கன்றுகளையும் கண்ணுக்குத் தெரியாதபடி மூடினேன். ஐப்பசி மழை இரண்டு கிழமை பெய்தது. விலக்கிப் பார்த்தபோது இலைக்காம்புகள் தொட்டவுடன் கையோடு வந்துவிட்டன. நடுக்கட்டையை வெட்டினேன்; உள்ளே முழுவதும் செம்பழுப்பு. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அந்தக் கன்றுகளை மலையிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். அந்தக் கவலை ஆற நாளானது.

நீங்கள் படித்த ஆலோசனையில் பிழையில்லை. அது பனி உறையும் நாட்டுக்கு உரியது. ரொறொன்ரோவில் அக்கா வீட்டில் ஒரு நவம்பர் முழுவதும் இருந்தபோது அதைக் கண்ணால் கண்டேன். அங்கே மண் இரவில் உறையும், பகலில் இளகும். அப்படி மாறிமாறி நடக்கும்போது மேலோட்டமாக வேர்விட்ட இளங்கன்றை மண்ணே மேலே தூக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் நாலு விரற்கடை தடிப்பில் வைக்கோல். அக்காவும் அவசரப்படவில்லை. இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஆறேழு பாகைக்கு இறங்கி, செடி வளர்ச்சியை நிறுத்தி உறங்கிய பிறகுதான் மூடினார். அதற்கு முன் மூடினால் அங்கும் செடி அழுகிவிடும் என்றார்.

இலைகள் எல்லாம் கிளம்பும் அந்தக் கட்டைத் தண்டுதான் ஸ்ட்ரோபெரியின் உயிர்நிலை. இலை போனால் திரும்ப வரும்; கட்டை போனால் செடி போயிற்று. ரொறொன்ரோவில் அதைப் பனியிலிருந்து காக்கிறார்கள். எங்கள் ஊரில் மார்கழி இரவிலும் 23, 24 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. ஆனால் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டிவிடுகிறது. ஆகவே நாங்கள் கட்டையைத் தண்ணீரிலிருந்து காக்க வேண்டும்.

இன்றைக்கே ஒவ்வொரு கன்றையும் குனிந்து பாருங்கள். கட்டையின் பாதி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். வேர் எதுவும் வெளியே தெரியக் கூடாது. புதைந்திருந்தால் விரலால் மண்ணை விலக்கிவிடுங்கள். குருத்துக்குள் மண் விழுந்திருந்தால் மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். நிலத்தில் நட்டிருந்தால் ஒரு முழங்கை உயரத்துக்கு மேடு கட்டி அதற்கு மாற்றுவது நல்லது. என்னைக் கேட்டால் எட்டையும் சாடிக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். தும்புத்தூள், நன்றாக மக்கிய மாட்டெரு, ஆற்று மணல் மூன்றும் சம அளவு. அடியில் நாலைந்து துளை. சாடியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் துளை அடைபடாது. கட்டையைச் சுற்றி மேலே ஒரு விரல் ஆற்று மணல் பரப்புங்கள். மழைத்துளி பட்டுச் சேறு குருத்தில் தெறிக்காது. கடல் மணல் பக்கத்திலேயே கிடக்கிறது என்று அதை அள்ளிவிடாதீர்கள்; அதில் உப்பு இருக்கும்.

உப்பு என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். இலை ஓரம் கருகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. உப்பைச் சிறிதும் தாங்காத பயிர்களில் ஸ்ட்ரோபெரி முதல் வரிசையில் நிற்கிறது. கச்சான் காற்று அடித்து ஓய்ந்த புரட்டாதியில் எங்கள் கரையோரக் கிணறுகள் பல உவர்த்துப் போயிருக்கும். உங்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் குழாய்த் தண்ணீருக்கு மாறுங்கள். முதல் இரண்டு மழையைப் பீப்பாயில் பிடித்து, சாடியின் அடித்துளையால் நன்றாக ஓடும்வரை ஊற்றினால் தேங்கிய உப்புக் கழுவப்படும். என் செடிகளில் அதன்பின் வந்த இலைகள் ஓரம் கருகாமல் வந்தன.

நட்டு ஒன்றரை மாதம் வரை வரும் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனாலும் கிள்ளுங்கள். ஓடுகொடிகளையும் வெட்டிவிடுங்கள். வேர் பிடிக்கும் காலத்தில் இரண்டும் செடியைத் தின்னும். பழுத்த இலையைக் கத்தரியால் வெட்டுங்கள், இழுத்தால் கட்டை கிழியும். யூரியா இப்போது வேண்டாம். கொழுத்து வளரும் மெல்லிலையில் மழைக்கால அழுகல் எளிதில் ஏறும்.

மழை பிடித்தபின் சாடிகள் தாவாரத்துக்குள் இருக்கட்டும். காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் நல்லது. ஆனால் வாடைக்காற்று சாரலை உள்ளே அடிக்கும் நாளில் சுவரோரம் தள்ளி வையுங்கள். 2020 டிசம்பர் 2 அன்று புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய இரவில் என் சாடிகள் அனைத்தும் குசினிக்குள் இருந்தன. அடைமழை நாட்களில் இருட்டியதும் விளக்கோடு போய் நத்தைகளைப் பொறுக்குங்கள். ஒரே இரவில் குருத்தைச் சுத்தமாகத் தின்றுவிடும்.

பழம் எவ்வளவு வரும் என்றும் கேட்டிருந்தீர்கள். 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவின் குளிர் இங்கே கிடைக்காது; சூடு கூடினால் இந்தச் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். மார்கழி, தை இரண்டும்தான் எங்களுக்கு வாய்த்த மாதங்கள். புரேவி மாரியைத் தாண்டிய ஐந்து சாடிகளில் அந்தத் தையில் எனக்குப் பதினொரு பழங்கள் கிடைத்தன. சிறியவை, ஆனால் அறை முழுவதும் மணத்தது. கட்டை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள். முடிந்தால் ஒரு படமும் போடுங்கள்.