மோட்டார் சுவிட்ச் யார் வீட்டில்?

கேள்வி: ராமமூர்த்தி நகரில் இருபதுக்கு முப்பது சைட்டில் தரைத்தளம் மட்டும் கட்டிக் குடியிருக்கிறோம். நான் நர்ஸ், கணவருக்கு மகாதேவபுராவில் லேத் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கம் என் பங்கு நிலத்தை விற்றதில் 24 லட்சம் வந்திருக்கிறது. ஒயிட்ஃபீல்டு தாண்டி 62 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது, 22,000 வாடகை வரும், இ.எம்.ஐ. தானாகக் கட்டிக்கொள்ளும் என்கிறார் புரோக்கர். கணவர் மாடி கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறார். மேஸ்திரி 13 லட்சம் கேட்கிறார். எங்கள் தெருவில் ஒரு பெட்ரூம் வீடு 12,000-க்குப் போகிறது. தம்பியோ மாடியைக் கட்டி லீஸுக்கு விட்டு, அந்தப் பணத்தையும் சேர்த்து ஃபிளாட் வாங்கச் சொல்கிறான். எதைச் செய்வது?
- வாசகி, பெங்களூரு

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள் சகோதரி. ஃபிளாட் எங்கேயும் ஓடிவிடாது.

புரோக்கர் சொல்லாத கணக்கு இது. கர்நாடகாவில் 45 லட்சத்துக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். செஸ், சர்சார்ஜ் சேர்த்தால் 5.6. பதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட் கடைசியில் 2 சதவீதமாக ஏற்றிவிட்டார்கள். ஆக, பத்திரத்துக்கே ஏறக்குறைய 4.7 லட்சம். இதற்கு வங்கி கடன் தராது, கைக்காசுதான். 17 லட்சம் முன்பணம் போட்டு மீதி 45 லட்சத்தை எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 39,000. வாடகை 22,000 போக, மிச்சம் 17,000-ஐ மாதாமாதம் உங்கள் இருவர் சம்பளத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். காலியாகக் கிடக்கிற மாதத்தில் முழு 39,000-மும் போய், மெயின்டனன்ஸும் உங்கள் தலையில். இதில் தானாகக் கட்டிக்கொள்வது எது?

ஃபிளாட்டில் வருடத்துக்கு, போட்ட பணத்தில் 4 சதவீதம் வாடகையாக வரும். மாடியில் 11 சதவீதம். நிலம் ஏற்கெனவே உங்களுடையது என்பதால்தான் இந்த வித்தியாசம். நாளைக்கு ஃபிளாட் விலை ஏறலாம். மாடியைத் தனியாகப் பிரித்து விற்கவும் முடியாது. இருந்தாலும் முதன்முதலாக வாடகைக்கு விடுகிறவருக்கு, குழாய் ஒழுகினால் படியேறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் வீடு இருப்பது பெரிய சௌகரியம்.

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துவந்து காட்டுங்கள். அஸ்திவாரமும் பில்லரும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று மேஸ்திரி கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. 2024 அக்டோபர் மழையில் உங்கள் பக்கத்து பாபுசாப்பாளையாவில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்தது நினைவிருக்கும்.

அடுத்தது காகிதம். நம் ஊர்ப் பட்டா மாதிரி இங்கே காத்தா. உங்களுடையது முறையான சொத்துக்குத் தரும் ஏ காத்தாவா, அனுமதியில் குறையுள்ளதற்குத் தரும் பி காத்தாவா, இ-காத்தா என்கிற கணினிப் பதிவு வந்துவிட்டதா, மாடிக்கு பிளான் அனுமதி கிடைக்குமா என்று பாருங்கள். பிளான் எதற்கு என்று கேட்பீர்கள். கரண்ட் மீட்டருக்காக! பிளான்படி கட்டி முடித்ததற்கான சான்றிதழான ஓ.சி. இல்லாத கட்டடத்துக்கு மின், குடிநீர் இணைப்பு கூடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, புதுக் கட்டடம் கட்டிய பலர் மீட்டர் கிடைக்காமல் அலைந்தார்கள். சின்ன சைட்டுகளுக்கு அரசு பின்னர் விலக்கு அறிவித்தது. உங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா என்று மின்சார நிறுவனமான பெஸ்காமில் இப்போதே கேட்டுவிடுங்கள். மாடிக்குத் தனி மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு வீட்டு யூனிட்டும் ஒன்றாகக் கூடும். 200-ஐத் தாண்டினால் கிருஹ ஜோதி இலவச மின்சாரம் போய் முழு பில்லும் வரும். தனி மீட்டர் இருந்தால் குடியிருப்பவரும் அந்தத் திட்டத்தில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தம்பி சொன்ன லீஸ் விஷயம். தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் என்பதுதான் இங்கே லீஸ். 10 லட்சம் மொத்தமாக வந்து விழும்போது வருமானம் போலத் தெரியும். உண்மையில் அது கடன்; வட்டிக்குப் பதிலாக வீட்டைக் கொடுக்கிறீர்கள். மூன்று வருடம் கழித்து லீஸுக்கு இருந்தவர் சாமான்களைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது பணம் ஃபிளாட்டில் முடங்கியிருக்கும். அடுத்த லீஸ்காரர் கிடைக்கும்வரை இவருக்குத் தவணை சொல்லிக்கொண்டே இருக்கிற வீட்டுக்காரர்களை ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம்.

வாடகை அட்வான்ஸும் அப்படித்தான். இந்த ஊர் வழக்கப்படி பத்து மாதம் வாங்கினால் 1,20,000. ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை 11 மாத ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டை முக்கால்வாசி அங்கேதான். வீட்டு வரியில் மாடியை வாடகைப் பகுதி என்று காட்ட வேண்டும், கொஞ்சம் கூடும். வருமான வரியில், வாடகையிலிருந்து வீட்டு வரியைக் கழித்த பிறகு 30 சதவீதம் தள்ளுபடி உண்டு.

‘பேச்சிலருக்கு இல்லை’ என்று போர்டு மாட்டாதீர்கள். எனக்கு ஐந்தாம் தேதிக்குள் ஒழுங்காக வாடகை தந்தவர்கள் இரண்டு பேச்சிலர் பையன்கள்தான்.

கடைசியாக ஒன்று, நான் பட்டது. என் முதல் போர்ஷனில் சம்ப் மோட்டார் சுவிட்சைக் குடித்தனக்காரர் வீட்டுக்குள் வைத்துவிட்டேன். அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் எங்கள் டேங்க் காலி. அவர்கள் ஊரில் இருந்தாலோ, அவர்கள் மீட்டரில் ஓடுகிற மோட்டாருக்கு நான் எவ்வளவு தர வேண்டும் என்று மாதம் தவறாமல் ஒரு பஞ்சாயத்து. சுவிட்சை மாடிப்படிக்குக் கீழே பொதுவில் வைத்து, மோட்டாருக்கு ஒரு சப்-மீட்டர் போட்டு, பில்லை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் சுவரைக் குடையும்போதே சொல்லிவிட வேண்டும். பூச்சு முடிந்த பிறகு சொன்னால் தனிக் கூலி கேட்பார்.