மங்குக்கு லேபல் இல்லாத கிறீம் பூசலாமா? வெள்ளவத்தை வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: டொக்டர், எனக்கு 38 வயசு. வெள்ளவத்தையில இருந்து கோட்டையில இருக்கிற ஒபிஸுக்கு தினமும் பஸ்ஸிலதான் போய் வாறன். ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ரெண்டு கன்னத்திலயும் மங்கு படர்ந்திருக்கு, வலது பக்கம் கூட. கண்ணோரம் சுருக்கமும் விழத் தொடங்கிட்டு. தெரிஞ்ச அக்கா ஒராள் புறக்கோட்டையில வாங்கின கிறீம் ஒன்டு தந்தா, லேபல் ஒன்டும் இல்ல. ரெண்டு மாசமா பூசுறன், முதல் கிழமையே முகம் பளிச்சென்டு வந்தது, இப்ப ஒரு நாள் விட்டாலும் எரியுது. அம்மா தேசிக்காயும் மஞ்சளும் பூசச் சொல்றா. கொலாஜன் பவுடர் குடிக்கவும் யோசிக்கிறன். நாலு மாசத்தில தங்கச்சிக்கு கல்யாணம். என்ன செய்யட்டும்?

பதில்: முதல்ல அந்த கிறீமை இன்டைக்கே நிப்பாட்டுங்க தங்கச்சி, மிச்சம் எல்லாம் பிறகு பார்ப்பம். முதல் கிழமையே பளிச்சென்டு வந்தது, விட்டா எரியுது என்டு எழுதியிருக்கிறீங்களே, அந்த ரெண்டும்தான் எனக்குப் பயமா இருக்கு. நல்ல மருந்து எதுவும் ஒரு கிழமையில மங்கைக் குறைக்காது, குறைக்கவும் ஏலாது, ஏனென்டா நிறம் ஏறின மேல்தோல் உதிர்ந்து புதுத் தோல் வரவே ஒரு மாசம் அளவு எடுக்கும், மங்கு ஆழமா இருந்தா அதைவிடவும் கூட. அவ்வளவு வேகமா வெளுக்குதென்டா அதுக்குள்ள குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் மாதிரி ஸ்டீரொய்ட், அதாவது தோல் வருத்தத்துக்கு டொக்டர்மார் எழுதுற வீரியமான மருந்து, இருக்கலாம், இல்லாட்டி பாதரசம் இருக்கலாம், சிலதில ரெண்டுமே இருக்கும்.

முகத்தில தொடர்ந்து ஸ்டீரொய்ட் பூசினா தோல் மெலியும், கன்னத்தில சிவப்பு நரம்பு தெரியத் தொடங்கும், பரு வரும், சிலருக்கு முகத்தில முடியும் வளரும். நிப்பாட்டினவுடன எரிஞ்சு சிவக்கும், ஆக்கள் பயந்து திரும்ப அதையே பூசுவாங்க, அப்பிடியே வருசக்கணக்கா போயிடும். பாதரசம் வேற மாதிரி, அது தோலுக்குள்ளால உடம்புக்குள்ள போய் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பூசுறவங்களோட மட்டும் நிக்காது, தலையணையில, துவாயில ஒட்டும், காத்தில ஆவியாயும் கலக்கும், உங்க கன்னத்தோட கன்னம் வைச்சுத் தூங்குற சின்னப் பிள்ளைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செஞ்ச மினமாட்டா உடன்படிக்கையில 2023இல எடுத்த முடிவுப்படி 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகு சாதனமே இருக்கக் கூடாது, இலங்கையும் அதில ஒரு நாடுதான், ஆனா லேபல் இல்லாத டப்பா எந்தச் சட்டத்தையும் பார்த்து வாறதில்லையே. செஞ்ச கம்பனி பேர், விலாசம், பெட்ச் நம்பர், என்னென்ன சேர்த்திருக்கு என்ட விபரம், இதுகள் இல்லாத எதையும் முகத்தில வைக்காதீங்க. சில பெட்டியில தங்க நகை படாம பூசவும் என்டு எழுதியிருக்கும், அதைக் கண்டா கட்டாயம் பாதரசத்தை நினைங்க.

நிப்பாட்டின பிறகு சில கிழமை முகம் சிவந்து பரு போட்டா திரும்ப அதுக்குப் போகாதீங்க. தேசிய வைத்தியசாலை தோல் கிளினிக்குக்கோ, இல்லாட்டி உங்களுக்குத் தெரிஞ்ச தோல் டொக்டர்கிட்டயோ போங்க, தேவையென்டா மெல்லிசான மருந்து தந்து மெதுமெதுவா இறக்கி விடுவாங்க. போகேக்க அந்த டப்பாவை இறுக்கி மூடி, பொலித்தீன் பையில சுத்திக் கொண்டு போய்க் காட்டுங்க. பாதரசம் இருக்கும் என்டு சந்தேகம் வந்தா சிறுநீர் டெஸ்ட் செய்வாங்க. பால் குடுக்கிறீங்க, இல்லாட்டி திரும்ப பிள்ளைக்குப் பார்க்கிறீங்க என்டா அதை முதல்லயே சொல்லிடுங்க.

இப்ப மங்குக்கு வருவம். பிள்ளை வயித்தில இருக்கேக்க ஹோர்மோன் மாறுறதால இது வரும், கருத்தடை குளிசையாலயும் வரும், ஆனா வளர்த்து விடுறது வெயில்தான். வலது பக்கம் கூட என்டீங்களே, அதுக்கு உங்க பஸ் பயணமே காரணமா இருக்கலாம். காலையில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு வடக்குப் பக்கமா போறீங்க, சூரியன் கிழக்கில, அதாவது உங்க வலது பக்கம். பின்னேரம் தெற்குப் பக்கமா திரும்பி வாறீங்க, சூரியன் இப்ப கடல் பக்கம், அதுவும் உங்க வலது பக்கம்தான்! வலது ஜன்னலோரம் இருந்தா போகவும் வரவும் ஒரே கன்னத்திலதான் வெயில். 2012இல நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்ல ஒரு அமெரிக்க லொறி டிரைவரின்ட படம் வந்தது, 28 வருசம் லொறி ஓட்டினவர், ஜன்னல் பக்கம் இருந்த இடது முகம் மட்டும் தடிச்சு சுருங்கி, மத்தப் பக்கத்தைவிட எவ்வளவோ வயசு கூடத் தெரியும். வெயிலில இருக்கிற, சுருக்கம் போட வைக்கிற யூவிஏ என்ட புற ஊதாக் கதிர் கண்ணாடிக்குள்ளால வரும், முகிலுக்குள்ளாலயும் வரும். நாளையில இருந்து இடது பக்கம் சீட் பிடிங்க, காசு செலவில்லாத மருந்து அது.

அதோட சன்ஸ்கிறீன். கொழும்பில மத்தியான நேரம் யூவி சுட்டெண், அதாவது புற ஊதாக் கதிரின்ட கடுமையைக் காட்டுற எண், 11ஐத் தாண்டுறது சாதாரணம், உலக சுகாதார அமைப்பின்ட கணக்கில அதுதான் உச்சப் பிரிவு, ஏப்ரல் முதல் பாதியில சூரியன் இலங்கைக்கு நேர உச்சியில நிக்கிற காலத்தைச் சொல்லவே வேணாம். கறுத்த தோலுக்கு சன்ஸ்கிறீன் எதுக்கு என்டு கேட்கிற ஆக்கள் நிறைய, எங்கட தோலுக்கு இயற்கையா கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது உண்மை, ஆனா மங்கு வாறது எங்கட மாதிரி தோலிலதான் கூட. அவுஸ்திரேலியாவில நம்பூர் என்ட ஊரில 903 பேரை வைச்சு நாலரை வருசம் ஒரு ஆய்வு செஞ்சாங்க, முடிவு 2013இல வந்தது. தினமும் சன்ஸ்கிறீன் பூசின ஆக்களுக்கு தோல் முதிர்ச்சி 24 வீதம் குறைவு. கூடுதலா வெள்ளைத் தோல் ஆக்கள்தான், அவங்க பூசினதும் எஸ்பிஎஃப் (சன்ஸ்கிறீன் எவ்வளவு வெயிலை மறிக்கும் என்டு காட்டுற எண்) 15 அளவுதான், விசயம் என்னென்டா ஒவ்வொரு நாளும் பூசினதுதான்.

நீங்க எஸ்பிஎஃப் 30க்குக் குறையாம வாங்குங்க, 30க்கும் 50க்கும் வித்தியாசம் நினைக்கிற அளவு இல்ல, தோலைச் சுடுற யூவிபி கதிரில 97 வீதத்தை மறிக்கிறதுக்கும் 98 வீதத்தை மறிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். மங்கு இருக்கிற உங்களுக்கு நிறம் கலந்த, டின்டட் என்டு சொல்றாங்களே, அதுதான் நல்லம், அதில இருக்கிற அயன் ஒக்சைட் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்தையும் மறிக்கும், அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டும். சுட்டுவிரல், நடுவிரல் ரெண்டிலயும் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தா முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு சரி. பவுடர் மாதிரி கொஞ்சூண்டு தடவினா போத்தலில போட்டிருக்கிற எஸ்பிஎஃப் கிடைக்காது. மத்தியானம் சாப்பிட வெளிய போறதெண்டா திரும்பப் பூசுங்க, இந்தப் புழுக்கத்தில வேர்த்தே பாதி போயிடும். குடையையும் விடாதீங்க.

அம்மாவிட்ட கோவிக்காம சொல்லுங்க, தேசிக்காய் மட்டும் வேணாம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில வெயில் பட்டா கொப்புளம் போட்டு, பிறகு மாசக்கணக்கா கறுத்தே கிடக்கும், மங்கோட இன்னொரு கறுப்பு சேரும். மஞ்சள் எப்பவாவது பூசினா பரவாயில்ல, ஆனா மங்கை அது எடுக்காது. எரியிற முகத்தில ஸ்க்ரப், பேக்கிங் சோடா ஒன்டும் இப்ப வேணாம். ரெண்டு நேரம் மெல்லிசான ஃபேஸ் வொஷ், வாசம் இல்லாத மொய்ஸ்சரைசர், பகலில சன்ஸ்கிறீன், முகம் அடங்கும் வரைக்கும் இவ்வளவும் போதும்.

எரிவு நின்ட பிறகு மங்கைக் குறைக்க டொக்டர்கிட்ட கேட்டு அசெலயிக் அசிட் கிறீம் தொடங்கலாம், அது கர்ப்பகாலத்திலயும் பாவிக்கக் கூடியது. கண்ணோரச் சுருக்கத்துக்கு உண்மையா வேலை செய்யிறது ட்ரெட்டினொயின் என்ட விட்டமின் ஏ வகைக் கிறீம், ராவில ஒரு கடலை அளவு முழு முகத்துக்கும், தொடக்கத்தில கிழமைக்கு ரெண்டு நாள், கண்ணுக்குக் கிட்ட கொண்டு போகாம. கர்ப்பமா இருந்தா, ஆகப் பார்த்தா, அது வேணவே வேணாம். பலன் தெரிய மூன்டு நாலு மாசமாவது எடுக்கும், வெயிலில கவனம் விட்டா மங்கு திரும்பவும் வரும், அதை இப்பவே மனசில வைச்சுக் கொள்ளுங்க.

கேட்காத ஒன்டையும் சொல்றன், எங்கட பொம்பிளைகள் நிறைய பேருக்கு உதவும். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிற இடம் அரிச்சா, வெளுத்து வந்தா, அந்தப் பசையில இருக்கிற ஒரு இரசாயனம் நிறக் கலங்களைச் சாகடிக்கிறதா இருக்கலாம். உடனே ஸ்டிக்கர் பொட்டை விட்டிட்டு டொக்டருக்குக் காட்டுங்க, பிந்தினா நிறம் திரும்புறது கஷ்டம்.

கொலாஜன் பவுடர் என்டு கேட்டீங்க. வயித்துக்குள்ள போனா அதையும் மத்தப் புரதம் மாதிரித்தான் உடம்பு உடைக்கும், அது நேர கன்னத்துக்குப் போய்ச் சேராது. நல்லது என்டு சொல்ற ஆய்வுகள் கனக்க விக்கிற கம்பனிகளின்ட காசில செஞ்சது. முட்டை, பருப்பு, நெத்தலி சாப்பிடுங்க, அந்தக் காசை நல்ல சன்ஸ்கிறீனுக்குப் போடுங்க.

கல்யாணத்துக்கு நாலு மாசம் இருக்கு, இன்டைக்கே தொடங்கினா மங்கு மங்கித் தெரியிற அளவுக்கு வரலாம், மிச்சத்தை மேக்கப் மறைக்கும். ஆனா கடைசி ரெண்டு கிழமையில பார்லர்ல பிளீச், பீல், புது ஃபேஷியல் எதுக்கும் ஓம் சொல்லாதீங்க, ஸ்டீரொய்ட் பட்ட தோல் எதுக்கு எப்பிடி வெடிக்கும் என்டு சொல்ல ஏலாது. மேக்கப் போடுற பிள்ளையிட்ட ஒரு மாசத்துக்கு முந்தியே, அவ பாவிக்கப் போற பவுண்டேஷனை காதுக்குப் பின்னால கொஞ்சம் பூசி ரெண்டு நாள் பார்க்கச் சொல்லுங்க.