உலகம் அழியப்போகிறது என்று உங்களுக்குத் தோன்ற வைத்த விநோதச் செய்தி எது?

சந்தேகமே இல்லாமல் அந்த எகிப்துச் சவப்பெட்டிதான்.

2018 ஜூலையில் அலெக்சாண்டிரியா நகரில் கட்டடம் கட்டுவதற்காக ஒரு மனையைத் தோண்டியபோது, ஐந்து மீட்டர் ஆழத்தில் கறுப்புக் கல்லால் ஆன ராட்சதச் சவப்பெட்டி ஒன்று அகப்பட்டது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக யாரும் திறக்காதது. "திறக்காதீங்கப்பா, சாபம் வந்து சேரும்" என்று உலகமே இணையத்தில் கும்பிட்டுக் கேட்டது. யார் கேட்டார்கள்? ராணுவப் பொறியாளர்களைக் கூட்டிவந்து மூடியை ஐந்து சென்டிமீட்டர் தூக்கினார்கள். உள்ளிருந்து கிளம்பிய நாற்றத்தில் அத்தனை பேரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அப்புறம் முழுசாகத் திறந்து பார்த்தால் மூன்று எலும்புக்கூடுகள், கூடவே செங்காவி நிறத்தில் தண்ணீர். அமுதமும் இல்லை, ஆலகாலமும் இல்லை. விரிசல் வழியாக இறங்கிய சாக்கடைத் தண்ணீர். தொல்பொருள் உயர் மன்றத்தின் பொதுச் செயலர் மொஸ்தஃபா வாசிரி, அதற்குள் முதலில் முழுத் தலையையும் விட்டவன் நான்தான், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உலகமும் இருளில் மூழ்கவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதுவரைக்கும் எனக்குப் பயமே வரவில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. அந்தச் சாக்கடைத் தண்ணீரை எங்களுக்குக் குடிக்கக் கொடுங்கள் என்று யாரோ இணையத்தில் ஒரு மனு போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கையெழுத்தும் போட்டார்கள். சாபம் எல்லாம் எதற்கு, இவர்களே போதும்.

2024 ஏப்ரல் 24 லண்டன் சம்பவமும் லேசுப்பட்டதில்லை. குதிரைப்படைக் குதிரைகள் மிரண்டு, நட்டநடு நகரத்தில் கார்கள் மீதும் பஸ் மீதும் மோதிக்கொண்டு ஓடின. அதில் ஒன்று வெள்ளைக் குதிரை, மார்பெல்லாம் ரத்தம். உலக முடிவைச் சொல்லும் பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் குதிரைகள் ஞாபகம் வராமல் அந்தப் படத்தைப் பார்க்க முடியாது. மறுநாள் விடியற்காலையில் பாரிஸின் மூலான் ரூஜ் அரங்கத்துக் காற்றாடி இறக்கைகள் பொத்தென்று கீழே விழுந்தன. சரி, முடிந்தது கதை என்றுதான் பலரும் எழுதினார்கள். விசாரித்தால், குதிரைகள் மிரண்டதற்குக் காரணம் பக்கத்தில் நடந்த கட்டட வேலை. உயரத்திலிருந்து கான்கிரீட்டைத் தடாலென்று போட்டிருக்கிறார்கள். எகிப்திலும் மேஸ்திரி, லண்டனிலும் மேஸ்திரி! பிரளயத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பது இவர்கள்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வானத்திலிருந்து நிஜமாகவே ஒன்று விழுந்த கதையும் உண்டு. 1979இல் நாசாவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழுகிறது என்றதும் நம் ஊர்களில் பெரிய கலவரம். அப்பாவின் கிராமத்தில் அந்த வாரம் முற்றத்தில் கட்டில் போட ஒருவரும் தயாராக இல்லையாம், எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியிருக்கிறார்கள். ஓலைக்கூரை காப்பாற்றும் என்று நம்பிய அப்பாவிகள்! 77 டன் எடையுள்ள அது கடைசியில் இந்துமாக் கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் பக்கத்திலும் சிதறியது. ஒருவருக்கும் காயமில்லை. அங்குள்ள உள்ளாட்சி மன்றம் என்ன செய்தது தெரியுமா? பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதியது. நாசா கட்டவில்லை. முப்பது வருடம் கழித்து, 2009இல், அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் ஒருவர் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டி முடித்தார். நம்மூரில் சொத்து வரி பாக்கியைக்கூட இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து வாங்கமாட்டார்கள்.

கடைசியாக, துடுப்பு மீன். 2025இல் தமிழக மீனவர்கள் வரிசையாக நின்று தூக்கிப் பிடித்திருந்த அந்த நீளமான வெள்ளி மீனின் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். அது கரைப்பக்கம் வந்தால் பூகம்பம் வரும் என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் பெரியப்பா அதைப் போட்டு, கீழே "கலி முத்திப் போச்சு" என்று எழுதியிருந்தார். பஞ்சாங்கத்தின்படி கலியுகம் 4,32,000 வருடம், அதில் ஐயாயிரத்துச் சொச்சம்தான் போயிருக்கிறது, இன்னும் பிஞ்சுகூட விடவில்லை பெரியப்பா என்றேன். பதில் இல்லை. அப்புறம் விஷயத்தோடு போனேன்: ஜப்பானிய ஆய்வாளர்கள் 1928 முதல் 2011 வரை இப்படி ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 சம்பவங்களைச் சரிபார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள், மீன் வந்த முப்பது நாளுக்குள் அக்கம்பக்கத்தில் பெரிய பூகம்பம் வந்தது ஒரே ஒரு தடவைதான்.

"அந்த ஒரு தடவை வந்துச்சா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அதே வீடியோவை இன்னொரு தடவை போட்டார்.