நாய்க்கு நெல்லிக்காய் வேண்டாம், நமக்கு வேணும்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். என் மக பிளஸ் டூ பயாலஜி படிக்கா. பாடத்துல மனுஷன் குரங்குல இருந்து வந்தான்னு இருக்காம், ஆதியாகமத்துல தேவன் மண்ணால உருவாக்குனாருன்னு இருக்கு, எத நம்பன்னு கேக்கா. எங்க சபையில ஒரு பிரதர், மியூட்டேஷன், அதாவது டிஎன்ஏல வர்ற மாத்தம், எல்லாமே கெடுதல்தான், டிஎன்ஏல புதுசா எதுவும் சேராது, அதனால ஜெனிடிக்ஸே பரிணாமத்த பொய்னு சொல்லுதுன்னாரு. இத மககிட்ட சொல்லட்டுமா?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம் சகோதரி, தயவுசெஞ்சு சொல்லாதீங்க. நானும் விசுவாசிதான், 30 வருஷம் விலங்கியல் நடத்துனவன். தேவனுக்காக பேசுறோம்னு நெனச்சு தப்பான தகவல சொன்னா, பிள்ளை நாளைக்கு காலேஜ்ல உண்மைய படிக்கும்போது வேதத்தையும் சேத்து தூக்கிப் போட்டுரும், எனக்கு அந்த பயம்தான்.

மியூட்டேஷன்ல பெரும்பாலானது நல்லதும் செய்யாது கெட்டதும் செய்யாது. சிலது ரெண்டும் செய்யும். நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட சிக்கிள் செல்னு ஒரு ரத்தக் குறைபாடு இருக்கு, ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின செய்யற ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறுனதால வர்றது. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அது வந்தா கொடிய நோய், ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா மலேரியா முத்தாம காப்பாத்தும். புதுசா சேராதுங்கறதும் சரியில்ல, நமக்கு சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுக் காட்டுற ரெண்டு ஜீனும், ஒரே ஜீன் ரெண்டு காப்பியாகி அப்புறம் மாறி வந்ததுதான்.

பரிணாமம் சொல்றதும் இன்னைக்கு இருக்குற குரங்குல இருந்து வந்தோம்னு இல்ல, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு மூதாதை இருந்துச்சுன்னுதான். அதுக்கு சாட்சி உங்க வீட்டு நாய்லயே ஆரம்பிக்குது. அதுக்கு நெல்லிக்காயும் வேண்டாம் எலுமிச்சையும் வேண்டாம், வைட்டமின் சிய அதோட ஈரலே செஞ்சுக்கும். அத செய்யறதுல கடைசிப் படிக்கு வேண்டிய ஜீன் நம்மகிட்டயும் இருக்கு, ஆனா ஒடஞ்சு கெடக்கு. சிம்பன்சிக்கும் அது ஒடஞ்சுதான் இருக்கு, நமக்கு காணாமப்போன அதே பகுதிகள்தான் அதுக்கும் இல்ல. கினி பன்னிக்கும் அந்த ஜீன் வேலை செய்யாது, ஆனா அது வேற மாதிரி ஒடஞ்சது. ஒரே சிருஷ்டிகர் ஒரே டிசைன பல எடத்துல வச்சாருன்னு சொல்லலாம், சரி, ஒடசலையும் ஏன் ஒரே மாதிரி வச்சாருன்னு மக திருப்பிக் கேட்டா என்ன சொல்வீங்க?

ஜெனிடிக்ஸ் ஒண்ணும் நமக்கு எதிரி இல்ல. அதுக்கு அஸ்திவாரம் போட்ட மெண்டல் ஒரு துறவி, இப்போ செக் நாட்டுல இருக்குற பெர்னோ ஊர் மடத்துத் தோட்டத்துல பட்டாணி வளத்து, 1866ல ஆராய்ச்சிய அச்சுல கொண்டுவந்தாரு. மனுஷனோட டிஎன்ஏவ எழுத்து எழுத்தா படிச்ச மனித ஜீனோம் திட்டத்த நடத்துன பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையா சாட்சி சொல்ற கிறிஸ்தவர், பரிணாமத்தையும் ஏத்துக்கிட்டவர்.

அப்போ கேள்வியே கேக்கக் கூடாதான்னா, கேக்கணும். தேவ சாயல்னா என்னன்னு எந்த ஜீனும் சொல்லாது. இன்னைக்கு மனுஷங்ககிட்ட இருக்குற ஜீன் வேறுபாடெல்லாம் சில ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ரெண்டே பேர்ல இருந்து வந்திருக்க முடியாதுன்னு ஜெனிடிக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, அப்போ ஆதாம்ங்கற ஒரே மனுஷனால பாவம் உலகத்துக்குள்ள வந்துச்சுன்னு ரோமர் 5ல பவுல் சொல்றத எப்படி வாசிக்கிறது? இதுதான் கனமான கேள்வி சகோதரி. இத எடுத்துட்டு உங்க போதகர்கிட்ட போங்க, மகளையும் கூட்டிட்டுப் போங்க.