தூண்டல் மோட்டாருக்கு முன்கணிப்புக் கட்டுப்பாடு: ஆலைக்கு ஆகுமா, ஆய்வேட்டுக்கு மட்டும்தானா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுகலைப் பொறியியல் படிப்பதாகவும், தூண்டல் மோட்டாரின் (induction motor) முன்கணிப்புக் கட்டுப்பாட்டை ஆய்வுக்கு எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "ஆலைகளில் யாராவது இதைப் பயன்படுத்துகிறார்களா?" என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. உங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலின் வடகரைச் சர்க்கரை ஆலைகளில், மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவ்களோடு காலம் தள்ளுபவன் நான். பயன்படுத்துகிறார்கள்; ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் சின்ன மோட்டாரில் அல்ல.

இந்த முறையின் கவர்ச்சியே அதன் எளிமைதான். மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டும் இரண்டுநிலை இன்வர்ட்டருக்கு எட்டுச் சுவிட்ச் நிலைகள்; அவை தருவது ஏழு வெவ்வேறு மின்னழுத்த வெக்டர்கள் (அளவும் திசையும் கொண்ட மின்னழுத்தங்கள்). ஒவ்வொன்றையும் கொடுத்தால் அடுத்த சில பத்து மைக்ரோவினாடிகளில் முறுக்குவிசையும் காந்தப்பாயமும் எங்கே போய் நிற்கும் என்று மோட்டாரின் சமன்பாடுகளை வைத்துக் கணக்கிடுகிறோம். இலக்கிலிருந்து விலகினால் அபராதம். அபராதம் குறைந்த நிலைக்கு வாய்ப்பு. நிரல் ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும்.

தலைவலி அதற்குப் பிறகுதான். கணக்கு முடிவதற்குள் ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள இடைவெளி, அதாவது ஓர் அடி, கழிந்துவிடுகிறது. ஆகவே ஓர் அடி அல்ல, இரண்டு அடி முன்னால் கணிக்க வேண்டும். அபராதத்தில் முறுக்குவிசையின் நியூட்டன் மீட்டரையும் பாயத்தின் வெபரையும் கூட்டுவது கத்தரிக்காயையும் முழத்துணியையும் கூட்டுவது போன்றது. இடையில் போடும் எடை எண்ணுக்கு, மோட்டாருக்கு வரையறுத்த (rated) முறுக்குவிசையை வரையறுத்த பாயத்தால் வகுத்து வருவதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். மிச்சம் கையால் திருத்துவதுதான்.

எல்லாவற்றையும் விடப் பொல்லாதது, மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டாரின் மின்தடை. ரோட்டாரிலுள்ள அலுமினியக் கூண்டு நூறு டிகிரி சூடேறினால் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். அரவைப் பருவத்தில் சர்க்கரையைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூகலைப் பாருங்கள்: ஆயிரம் சுற்றுக்கு மேல் ஏறும், பிறகு பிரேக் பிடித்து ஐம்பது சுற்று அளவுக்கு இறங்கி, சுவரில் ஒட்டிய சர்க்கரையைச் சுரண்டும், உடனே மறுபடி ஏறும். காலையில் குளிர்ந்திருந்த மோட்டாருக்கு எழுதிய கணித மாதிரி (model) மதியத்தில் பொய் சொல்லத் தொடங்கும். மெதுவாகச் சுழலும்போது பாயத்தின் மதிப்பீடு ரோட்டார் மின்தடையைத்தான் நம்பியிருக்கிறது.

சாதாரண 400 வோல்ட் பம்புக்கும் விசிறிக்கும் பழைய முறைகளான, 1970களில் வந்த வெக்டர் கட்டுப்பாடும் 1980களில் வந்த நேரடி முறுக்குவிசைக் கட்டுப்பாடும் போதும். முன்கணிப்பு விலைபோவது மெகாவாட் அளவு நடுத்தர மின்னழுத்த டிரைவ்களில். அங்கே சுவிட்சுகள் வினாடிக்குச் சில நூறு தடவைதான் மாறலாம். ஒவ்வொரு மாற்றமும் வெப்பம். அந்த எண்ணிக்கையையும் அபராதத்தில் சேர்க்க முடிவதே இம்முறையின் உண்மையான பலம். டிரைவ் தயாரிக்கும் ஏபிபி நிறுவனத்தின் ஏசிஎஸ் 6080 டிரைவில் இத்தகைய முறை விற்பனைக்கே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் உழைத்த டோபியாஸ் கையர் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பேராசிரியராகவும் இருந்தவர். உங்கள் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. மூன்றுநிலை இன்வர்ட்டருக்கு 27 நிலைகள். ஐந்து அடி முன்னால் பார்த்தால் ஒரு கோடியே நாற்பத்து மூன்று லட்சம் வரிசைகள். எல்லாவற்றையும் சோதிக்காமல் வெட்டிக் குறைக்கும் தேடலில்தான் இன்று சுவையான வேலை நடக்கிறது.

ஒன்று கவனியுங்கள். முன்கணிப்பை வேகமாகச் சுவிட்ச் அடிக்கவிட்டு, வெக்டர் கட்டுப்பாட்டை மெதுவாக ஓடவிட்டு ஒப்பிடும் கட்டுரைகளை நம்பாதீர்கள். சராசரிச் சுவிட்ச் அதிர்வெண்ணைச் சமமாக வைத்தால், ஓரடி முன்கணிப்பின் மின்னோட்டத் திரிபு (அலைவடிவம் கெடும் அளவு) பல நேரம் அதிகமாகவே வரும்.

தலைப்பு வேண்டுமென்றால், இந்த நாட்டு லோட் ஷெட்டிங் (சுழற்சி முறை மின்வெட்டு) தந்த சிக்கலை எடுங்கள். மின்சாரம் திரும்பும்போது பெரிய விசிறி இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். அதன் வேகமும் பாயமும் மாதிரிக்குத் தெரியாது. அந்த முதல் சில மில்லிவினாடிகளில், மின்னோட்ட வரம்பையும் அபராதத்தில் வைத்து, பியூஸ் போகாமல் மோட்டாரைப் பிடித்துக் காட்டினால் ஆலைக்காரர்கள் உட்கார்ந்து கேட்பார்கள்.