இரையோடு கடந்து செல்லும் தாய்

அன்புள்ள ஐயா,

2022ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அங்குள்ள பல்கலைக்கழக மணிக்கூண்டில் குஞ்சு பொரித்திருந்த பொரி வல்லூற்றை, இணையக் கேமரா வழியாக என் பேத்தியுடன் நாள்தோறும் பார்த்துவந்தேன். வெள்ளைப் பஞ்சுருண்டைகள் போலிருந்த இரண்டு குஞ்சுகளுக்கும் தாய்ப்பறவை அத்தனை பொறுமையாக ஊட்டியது. ஆனால் கடைசி வாரத்தில் அதே தாய் இரையைக் காலில் பற்றியபடி, குஞ்சுகள் கதறக் கதற, அவற்றின் கண்முன்னே கொடுக்காமல் பறந்து சென்றது. பட்டினி போட்டுத்தான் அவற்றைப் பறக்க வைக்கும் என்று பேத்தி எங்கோ படித்துச் சொன்னாள். எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை. அது உண்மைதானா?

வி.

அன்புள்ள அம்மா,

நீங்கள் கண்ட காட்சி உண்மை. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தாயின் மீது உங்களுக்கு ஏற்பட்ட மனத்தாங்கல் நீங்க வேண்டும் என்று விரும்புவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த பேடைக்கு அங்குள்ளவர்கள் ஆனி என்று பெயரிட்டிருந்தார்கள். 2016ஆம் ஆண்டின் இறுதியில் 307 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்துக்கு வந்து, தன் இணையான கிரின்னெலுடன் அங்கேயே தங்கிவிட்ட பறவை அது. நீங்கள் அங்கு தங்கியிருந்த ஆண்டில்தான், முட்டையிடும் பருவத்தின் நடுவே, மார்ச் 31 அன்று கிரின்னெல் இறந்து கிடந்தது. ஆண் வேட்டையாடி இரை கொண்டுவராவிட்டால் அடைகாக்கும் பேடை முட்டைகளைக் கைவிட நேரும் என்பதால், அந்த ஆண்டு குஞ்சுகள் பொரியும் என்று பலர் நம்பவில்லை. ஆனால் சில மணி நேரத்துக்குள் ஆல்டன் என்று பின்னர் அழைக்கப்பட்ட வேறோர் ஆண் அங்கு வந்து, ஆனிக்கு இரை கொடுத்து, முட்டைகளின் மேல் அமரவும் தொடங்கியது. உங்கள் இரண்டு குஞ்சுகளும் அந்த வரவால் பிழைத்தவை.

வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. சரளையில் மார்பை அழுத்திக் கால்களால் பறித்த ஒரு குழிதான் அதன் கூடு. அதில் மூன்று அல்லது நான்கு முட்டைகளை இட்டாலும், கடைசி முட்டைக்கு முந்தையதை இடும்வரை அது முழுமையாக அடைகாக்கத் தொடங்குவதில்லை. அதனால் குஞ்சுகள் பெரும்பாலும் ஓரிரு நாள் இடைவெளிக்குள் பொரிந்து, ஏறத்தாழ ஒரே அளவில் வளர்கின்றன. ஆப்பிரிக்காவின் கருங்கழுகுக் கூட்டில் மூத்த குஞ்சு இளையதைக் கொத்திக் கொன்றுவிடுவது வழக்கம். வல்லூற்றுக் கூட்டில் அந்தக் கொடுமை அரிது. பொரிந்தபோது 40 கிராம் அளவே இருக்கும் குஞ்சால் முதல் பத்து நாட்கள் வரை தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. தாய் அதைத் தன் மார்பின் கீழ் வைத்துக்கொண்டே, இறைச்சியை நகத்தளவு துணுக்குகளாகக் கிழித்து அலகு நுனியால் நீட்டுகிறது. எந்தக் குஞ்சு அதிகம் எட்டிக் கத்துகிறதோ அதற்கே முதலில் கிடைக்கும் என்றாலும், தொண்டைப்பை புடைத்ததும் அது தலை சாய்ந்து உறங்கிவிடுவதால் பின்னால் நின்றதற்கும் முறை வருகிறது. நீங்கள் பொறுமை என்று எழுதியது இதைத்தான் என்று நினைக்கிறேன். மிகச் சரியான சொல் அது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஐந்து வாரமான குஞ்சு ஏறக்குறைய முழு எடையை எட்டிவிடுகிறது. தூவி உதிர்ந்து இறகுகள் நீண்டுவிட்ட அந்தக் கட்டத்தில் அதற்கு முன்போல் ஓயாத தீனி தேவைப்படுவதில்லை. கூட்டின் விளிம்பில் நின்று மணிக்கணக்காகச் சிறகடித்துப் பழகும் அந்த நாட்களில் உடல் சற்று மெலிவதும் இயல்பே. ஆகவே அதைப் பட்டினி என்று சொல்வது மிகையானது என்பது என் எண்ணம். அதோடு, வல்லூறுகளுக்குள் இரையைக் கைமாற்றும் இடமே வானம்தான். இணைசேரும் பருவத்தில் ஆண் கொண்டுவரும் இரையைப் பேடை பறந்தபடியே தலைகீழாகத் திரும்பிக் கால்களால் வாங்கிக்கொள்ளும். பறக்கத் தொடங்கிய குஞ்சுக்கும் பெற்றோர் அப்படியே கொடுக்கின்றன. முதலில் செத்த இரையைக் காற்றில் நழுவவிட்டுப் பிடிக்கச் செய்து, பின்பு உயிருள்ள பறவையையே விடுவித்துத் துரத்தவைக்கின்றன. உங்கள் முன்னே கடந்து சென்ற தாயை நான் அந்தப் பாடத்தின் முதல் நாளில் வைத்தே பார்க்கிறேன். ஆண் குஞ்சுகள் எடை குறைந்தவை என்பதால் ஏறத்தாழ நாற்பதாம் நாளிலும், பெண் குஞ்சுகள் சில நாள் கழித்தும் கூட்டை விடுகின்றன. அதன் பிறகும் ஒரு மாதத்துக்கு மேலாகப் பெற்றோரே ஊட்டுகின்றன. கேமராவின் கண் கூட்டோடு நின்றுவிடுவதால் அந்த ஒரு மாதத்தை நீங்கள் காணவில்லை.

அச்சப்பட வேண்டியது அந்தத் தாயைப் பற்றி அன்று. 2017இல் ஆனியின் முதல் குஞ்சுகளில் ஒன்றான லக்ஸ், பறக்கப் பழகிய நாட்களிலேயே அருகிலிருந்த கட்டடத்தின் கண்ணாடிச் சன்னலில் மோதி இறந்தது. அதற்கும் முன்பு நாம் இழைத்த கேடு இன்னும் பெரியது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி இரை வழியாகத் தாயின் உடலில் சேர்ந்து முட்டையோட்டை மெலியச் செய்ததால், அடைகாக்க அமர்ந்த தாயின் எடை தாங்காமலே முட்டைகள் நொறுங்கின. 1970இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதிலும் குஞ்சு பொரிக்கும் இணைகளாக அறியப்பட்டவை இரண்டே. 1972இல் அமெரிக்கா அந்த மருந்துக்குத் தடை விதித்ததும், கூண்டில் வளர்த்த குஞ்சுகளைப் பாறைகளிலும் கோபுரங்களிலும் விட்டுப் பல்லாண்டு உழைத்தவர்களும் சேர்ந்தே இந்தப் பறவையை மீட்டார்கள். 1999இல் அது அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

உங்கள் பேத்தியிடம் லாரன்சியத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனிக்கு 2018இல் பிறந்த பேடை அது. கால் வளையத்தால் அடையாளம் காணப்பட்ட அந்தப் பறவை, பின்னர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவே அல்காட்ராஸ் தீவின் பாறையில் கூடமைத்துத் தானும் தாயானது. அடுத்த முறை ஜூன் மாதத்தில் பெர்க்லி செல்ல வாய்த்தால், குஞ்சுகள் முதன்முதலாகப் பறக்கும் நாட்களில் கோபுரத்தின் அடியில் காவல் நிற்கும் தன்னார்வலர்களோடு நீங்களும் சற்று நேரம் நின்று மேலே பாருங்கள். திரையில் உங்களுக்குக் கிடைக்காத அந்த மாதம் அங்கே வானத்தில் நடந்துகொண்டிருக்கும்.

அன்புடன்